வைன்ல கியூடெக்ஸ் வாசம் வருது, பவுடர் போடலாமா?

கேள்வி: ஐயா, வெலிமடைப் பக்கம் அரை ஏக்கர்ல இஸ்ரேல் புளூ முந்திரிகைக் கொடி பந்தல் போட்டிருக்கேன். எந்த ரசாயனமும் அடிக்கிறதில்ல. ஜூன் நடுவுல கவ்வாத்து வெட்டி, நவம்பர் முதல் வாரம் பழம் எடுத்து, ஈஸ்ட் போடாம அப்படியே மசிச்சு பெரல்ல போட்டேன். போன வருஷம் மாதிரியே ஒரு கிழமையில கியூடெக்ஸ் வாசம் வந்துருச்சு. டவுன் கடைக்காரர் மெட்டாபைசல்பைட் பவுடர் போடுங்க, இல்லாட்டி "இயற்கை நொதி" போத்தல் இருக்குங்கிறார். பவுடர் போட்டா இயற்கை வைன்னு சொல்ல முடியுமா? எவ்வளவு போடணும்?

பதில்: தம்பி, பவுடர் விஷயத்த சட்டுனு முடிச்சிடுறேன். பிரான்ஸ்ல 2020-ல இயற்கை வைனுக்குன்னு ஒரு முத்திரை கொண்டுவந்தாங்க, அதுலயே லீட்டருக்கு 30 மில்லிகிராம் வரைக்கும் சல்பைட் (வைன் கெடாம காக்க இந்தப் பவுடர்லேருந்து வர்ற சாமான்) விடுறாங்க. பவுடர்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் சல்பைட்டா கணக்குக்கு வரும், அதனால உங்களுக்கு 100 லீட்டருக்கு சுமார் 5 கிராம் பவுடர், அதுவும் நொதிச்சு முடிஞ்ச பிறகு. பேர் கெட்டுப்போகாது. ஆனா வந்த வாசம் இதால போகவே போகாது, அத வச்சுக்கங்க.

இப்ப நீங்க கேக்காதத சொல்றேன். ஜூன்ல ஏன் வெட்டுனீங்க? தேயிலைக்கு மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா கவ்வாத்து பாத்துப் பழகுன நம்ம ஆளுங்க, கொடியையும் கை ஓய்ஞ்ச நேரத்துல வெட்டிட்டுப் போறாங்க. நம்ம இலங்கையில கொடிக்கு குளிர்காலத் தூக்கம் கிடையாது, நீங்க வெட்டுற தேதிதான் அதுக்கு வருஷப் பொறப்பு. வெட்டுனதுலேருந்து பழுக்க சுமார் நாலு மாசம், உங்க குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஜூன்ல வெட்டுனா அக்டோபர் நவம்பர் மழை சரியா பழுக்கிற நேரத்துல கொட்டும், பழம் தண்ணி குடிச்சு தோல் வெடிக்கும், வெடிச்ச பழத்துல பழ ஈ உக்காந்து வினாகிரிப் பாக்டீரியாவ கொண்டுவந்து வைக்கும். நீங்க பெரல்ல போடுறதுக்கு முந்தியே குலையில வேலை ஆரம்பிச்சாச்சு. அந்த வாசத்துக்குப் பேரு எத்தில் அசிட்டேட், அங்கேருந்துதான் வருது.

மார்ச் கடைசியில வெட்டுங்க. ஏப்ரல் மழையில இலைக்கு அடிச்சாம்பல் நோய் வரும், போர்டோ கலவை, அதாவது செம்பு சல்பேட்டும் சுண்ணாம்பும் கரைச்சது, ஒண்ணு ரெண்டு தடவ போதும் (செம்பும் மண்ணுல சேர்ற சாமான்தான், ஆர்கானிக்னு நெனச்சு கிழமைக்கு ஒருக்கா அடிக்காதீங்க). அப்புறம் ஊவாப் பக்கம் அடிக்கிற காஞ்ச கச்சான் காத்து, அந்தக் காய்ச்சல்ல பழம் தேறி ஆகஸ்ட்ல காஞ்ச குலையா கைக்கு வரும். நுவரெலியாக்காரனுக்கு அந்த மாசங்கள்ல மழை, உங்களுக்கு வெயில், இந்த அதிர்ஷ்டத்த ஜூன் கவ்வாத்துல தொலைச்சிட்டு பவுடர் தேடுறீங்க!

பக்கத்துல உருளைக்கிழங்கு போட்டிருக்காங்களா? கட்டாயம் இருக்கும், வெலிமடைல இல்லாட்டி எங்க. அவங்க அடிக்கிற பங்கஸ் மருந்து காத்துல வந்து பழத்துல படிஞ்சா, நீங்க நம்பியிருக்கிற காட்டு ஈஸ்டுக்கும் அடிதான். அவங்ககிட்ட பேசி, பழம் எடுக்க ஒரு மாசம் இருக்கையில அந்த ஓரத்துக்கு மட்டும் அடிக்காம இருக்கச் சொல்லுங்க, வேலியில உயரமா ஏதாவது வளருங்க.

அந்தப் போத்தல வாங்கவே வாங்காதீங்க. 2021-ல ரசாயன உரத்தத் தடை பண்ணி எல்லாரையும் ஒரே ராத்திரியில ஆர்கானிக் ஆக்குனப்ப முளைச்ச வியாபாரம் இது. உள்ள என்ன இருக்குன்னு லேபல்ல இல்ல, விக்கிறவருக்கும் தெரியாது. உங்க பழத் தோல்ல ஓசியில இருக்கிறதுக்கு எதுக்குக் காசு? அறுவடைக்கு நாலஞ்சு நாள் முந்தி நல்ல சுத்தமான குலையா ரெண்டு மூணு கிலோ பறிச்சு மசிச்சு, வாளியில துணி கட்டி வைங்க. நுரைச்சு நல்ல பழ வாசம் வந்தா பெரிய பெரலுக்கு அதுதான் உறை. கியூடெக்ஸ் அடிச்சா கொட்டிட்டு வேற குலை பறிங்க, நட்டம் ரெண்டு கிலோவோட போயிரும். வெடிச்சது, அழுகுனது ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது. மேல மிதக்கிற தோல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ அமுக்குங்க. பொங்குறது நின்னதும் பெரல்ல வாய் வரைக்கும் நிரப்பி காத்து போகாம மூடுங்க, பாதிப் பெரலா வச்சா திரும்பவும் இதே கதை.

சீனியும் கொட்டியிருப்பீங்கன்னு ஒரு சந்தேகம், எழுதல நீங்க. லீட்டருக்கு 17 கிராம் சீனி ஒரு வீதம் மதுவாகும், பழத்துலயே அது ஏறணும்னா ஆகஸ்ட் வெயில்தான் வழி.

இப்ப இருக்கிற பெரல்ல பூஞ்சணம் பிடிக்காம இருந்தா அத வினாகிரியாவே விட்டுருங்க, துணி கட்டி வேற கொட்டகையில வைங்க, வைன் பாத்திரங்க பக்கத்துல வேணாம். அப்புறம், விக்கிற யோசனை இருந்தா லைசன்ஸ் விஷயத்த மதுவரித் திணைக்களத்துல நேர்ல போய்க் கேளுங்க, கடைக்காரர் சொல்றத நம்பி போத்தல்ல அடைக்காதீங்க.