எடிஸ்டோ தீவு மனு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1865 ஏப்ரலில் அப்போமேட்டக்ஸில் தெற்கின் தளபதி லீ சரணடைந்தபோது, தோற்ற வீரர்கள் தங்கள் சொந்தக் குதிரைகளை உழவுக்கு ஓட்டிப்போகலாம் என்று வடக்கின் தளபதி கிராண்ட் விட்டுவிட்டாராம். படித்ததும் கண் கலங்கிவிட்டது. தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸைக்கூடத் தூக்கில் போடவில்லை. அப்படி மன்னித்ததால்தானே நாடு மறுபடி ஒன்றானது? தோற்றவர்களை மன்னிப்பதுதானே பெரிய மனது?

க.

அன்புள்ள தம்பி,

கிராண்ட் செய்தது எனக்கும் பிடித்த காரியம். பசியில் கிடந்த லீயின் படைக்கு 25,000 பேருக்கான சாப்பாடும் கொடுத்தார். அதில் மறுபேச்சே இல்லை. டேவிஸை விடுங்கள். இரண்டு வருடம் மன்றோ கோட்டையில் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள், வழக்கு விசாரணைக்கே வரவில்லை. தூக்கில் போட்டிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. மன்னித்தது யார் தம்பி? அடிபட்டவனா? கடிதம் முழுக்க வடக்கும் தெற்கும்தான் இருக்கின்றன, தெற்கு யாரை விடமாட்டேன் என்று போருக்கே போனதோ அந்த நாற்பது லட்சம் அடிமைகள் ஒரு வரியில்கூட இல்லை.

கொஞ்ச நாளாக எனக்கு எடிஸ்டோ தீவு ஞாபகமாகவே இருந்தது, அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். தென் கரோலினாக் கரையோரத் தீவு, பருத்தி விளைகிற மண். 1865 ஜனவரியில் வடக்கின் ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார், முதலாளிகள் போட்டுவிட்டு ஓடிப்போன கரையோர நிலங்களை விடுதலையானவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொல்லி. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி உழவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன் மே மாதமே பொதுமன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் போன்ற சில பிரிவினர் மட்டும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தார்கள், ஆயிரக்கணக்கில் மன்னிப்பும் வாங்கினார்கள். மன்னிப்போடு நிலமும் அவர்களுக்கே திரும்பிப் போனது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த பெரிய மனதுதான் அது.

நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பழைய முதலாளிகளிடமே கூலிக்குப் போங்கள் என்று சொல்ல அந்த அக்டோபரில் எடிஸ்டோவுக்கு அனுப்பப்பட்டவர் ஜெனரல் ஹோவர்ட். நல்ல மனிதர், அந்த மக்கள் மேல் நிஜமான அக்கறை உள்ளவர், 1862இல் போர்க்களத்தில் வலது கையை இழந்தவர். தேவாலயத்தில் கூடியிருந்தவர்களிடம் அவர்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. தீவுக்காரர்கள் மூன்று பேர் குழுவாக அவருக்கு எழுதிய மனுவை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். எங்கள் தீவின் நிலச் சொந்தக்காரர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள், போரில் உங்களுக்குப் போனது வலது கை மட்டும்தான், நீங்கள் மன்னிக்கலாம் என்கிறார்கள். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் தங்கையையும் துணியை உரித்து அடித்தவன், தான் சொல்கிற கூலிக்குத் தன் நிலத்தில் வேலை செய்தாலொழிய இன்று தன் காலிக் குடிசையில்கூட இருக்க விடாதவன், அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை என்கிறார்கள்.

அதே மனுவில் இதுவும் இருக்கிறது: எங்களிடம் குதிரை இருக்கிறது, மாடு இருக்கிறது, வண்டி இருக்கிறது, அப்பன் எலும்பைப் புதைக்கக்கூட நிலம் இல்லை. குதிரைக்குக் கண் கலங்கினீர்களே தம்பி, இந்தக் குதிரைக்கும் கொஞ்சம் கலங்குங்கள். வடக்கின் படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்து போரிட்டிருக்கிறார்கள், அவர்கள் ஜெயித்த தரப்பு. உழ நிலம் இல்லாமல் நின்றது அவர்களுடைய ஜனங்கள்.

நாடு ஒன்றானது என்கிறீர்கள். சரி, யாரோடு யார்? அடிமைமுறைதான் எங்கள் புதிய அரசின் அடிக்கல் என்று 1861இல் சவானாவில் பேசிய அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், தெற்கின் துணைத் தலைவர், 1873இல் வாஷிங்டனில் மறுபடியும் காங்கிரஸ் உறுப்பினர். அதே 1873 ஏப்ரலில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் சுற்றி வளைத்துக் கொன்றது, பலரைச் சரணடைந்த பிறகு. தண்டிக்கப்பட்ட மூன்றே பேரின் தண்டனையும் 1876இல் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. லீயின் ஆட்கள் சரணடைந்தபோது சாப்பாடு கிடைத்ததே, அதே நாடுதான்.

யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை நான். உயிர்ப்பிச்சை கொடுத்து, வீட்டுக்கு அனுப்பி, வயிற்றுக்கும் போட்டிருக்கலாம். நிலத்தைக் கொடுத்திருக்கக் கூடாது, பதவியை அவ்வளவு சீக்கிரம் கொடுத்திருக்கக் கூடாது. மன்னிப்பதா வேண்டாமா என்று எடிஸ்டோக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு இளகிய மனது, கடிதத்திலேயே தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு கடிந்துகொண்டேன். தீவுக்காரர்கள் ஹோவர்டுக்கு எழுதியது போலவே ஜனாதிபதிக்கும் ஒரு மனு எழுதினார்கள். இரண்டையும் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.