அந்த 'ங்கள்' எங்கே போயிற்று?

தம்பி, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஏழரை வாங்கி இங்கிலாந்தின் நாட்டிங்காமுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. வேலையில் குறையில்லை, ஆனால் தேநீர் அறைக்குப் போனால் வாய் ஒட்டிக்கொள்கிறது, முரட்டுத்தனமாகப் பேசுவதாக வேறு ஒருவர் சொல்லிவிட்டார், எந்த ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து நான் இதே ஊருக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. முதல் வருடம் எனக்கும் இதே பெயர்தான்.

மனப்பாடம் இருக்கட்டும். ஊரில் கடைக்காரரிடம் "ஒரு காபி கொடுங்கள்" என்கிறோம். மரியாதை முழுவதும் அந்த 'ங்கள்' என்பதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதையே இங்கே "கிவ் மீ ஒன் காபி" என்று சொன்னால் 'ங்கள்' வழியிலேயே உதிர்ந்துவிடும். மிச்சம் "ஒரு காபி கொடு". நாம் பணிவாகத்தான் சொன்னோம், அவர்கள் காதில் விழுந்தது அதட்டல். உங்களை முரடர் என்றவருக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். ஆங்கில வினைச்சொல்லில் மரியாதை விகுதி கிடையாது. அந்த வேலையைத் தனிச் சொற்கள் பார்க்கின்றன. எனவே எதையும் கேள்வியாகத் திருப்பிவிடுங்கள். "குட் ஐ ஹேவ் எ காபி, ப்ளீஸ்?" வார்டில் கட்டிலை நகர்த்த ஆள் வேண்டுமா? "குட் யூ கிவ் மீ எ ஹேண்ட் வித் திஸ் பெட்?" ப்ளீஸ் சொன்னால் கெஞ்சுவதாக ஆகாது. உப்பை நகர்த்தித் தந்தவருக்கும் தேங்க் யூ, பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு "சியர்ஸ்". மதுக் கிண்ணத்தை உயர்த்தும்போது சொல்வதுதானே என்று நானும் திகைத்திருக்கிறேன். இங்கே அது நன்றியின் செல்லப்பெயர்.

காலையில் எதிரே வருபவர் "யூ ஆல்ரைட்?" என்பார். நம்முடைய "சாப்பிட்டீர்களா?" போலத்தான். இலையில் என்ன விழுந்தது என்று தெரிந்துகொள்ளவா கேட்கிறோம்? முதுகுவலியை விவரிக்க நிற்காதீர்கள். "யெஸ், தேங்க்ஸ், யூ?" என்று நடந்துகொண்டே சொன்னால் போதும். கூடவே "மி டக்" என்று யாராவது சேர்த்தால், என் வாத்தே என்று பொருள் பிரித்துக் குழம்ப வேண்டாம். கொங்கு நாட்டில் "கண்ணு" என்பார்களே, அதுதான்.

உண்மையில் என்னைப் பயமுறுத்தியது நமது "ஆமாம்". ஓர் இரவு வார்டு சிஸ்டர் ஒரு நோயாளியைக் காட்டி, "யூ ஹேவன்ட் கிவன் ஹிம் த ஆன்டிபயாடிக்?" என்றார். "யெஸ்" என்றேன். கொடுக்கவில்லையா என்று கேட்டால் "ஆமாம், கொடுக்கவில்லை" என்பதுதானே நம் வழக்கம்! அவர் காதிலோ கொடுத்தாகிவிட்டது என்று விழுந்தது. தலையசைத்துவிட்டு நடந்தார். மருந்துச் சீட்டில் கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்து அவர் திரும்பி வந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து வெறும் யெஸ், வெறும் நோ சொல்வதில்லை. "நோ, ஐ ஹேவன்ட்", "யெஸ், ஐ ஹேவ்" என்று வாலையும் சேர்த்துச் சொல்கிறேன். "வுட் யூ மைண்ட்?", அதாவது ஆட்சேபம் உண்டா, என்று உதவி கேட்டால் "யெஸ்" என்று தலையாட்டாதீர்கள், முடியாது என்றாகிவிடும். "நாட் அட் ஆல்" என்பதே சம்மதம்.

இங்கத்திய முதியவர்கள் வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் "நாட் டூ பேட்", "எ பிட் சோர்" என்றால் நம்பிவிடாதீர்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேளுங்கள், எட்டு என்பார். "ஐ'வ் கம் ஓவர் ஆல் ஃபன்னி" என்றால் வேடிக்கை ஒன்றுமில்லை, திடீரென்று தலை சுற்றுகிறது; உடனே உட்காரவையுங்கள். "ஸ்பெண்ட் எ பென்னி" என்றால் சிறுநீர் கழிக்க வேண்டும். பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்துப் பேச்சு அது.

"ஹாஃப் ஃபைவ்" என்றால் ஐந்தரை, நாலரை அல்ல. "கம் ரவுண்ட் ஃபார் டீ" என்று கூப்பிட்டால் பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுப் போய் நான் ஒருமுறை விழித்திருக்கிறேன். நாள் குறிக்காமல் "யூ மஸ்ட் கம் ஓவர் சம்டைம்" என்றால் அது வெறும் உபசாரப் பேச்சு, காத்திருக்க வேண்டாம்.

தேநீர் அறைக்குள் நுழைய வாக்கியம் தேடி அலையாதீர்கள், கெட்டில் போதும். இங்கே எழுந்து தனக்கு மட்டும் தேநீர் போட்டுக்கொள்பவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். தண்ணீர் வைக்கும் முன் அறையைப் பார்த்து "எனிஒன் வான்ட் எ டீ?" என்று கேளுங்கள். மூன்று பேராவது நிமிர்வார்கள். யாருக்கு எத்தனை சர்க்கரை, எவ்வளவு பால் என்று கேட்டு முடிப்பதற்குள் உங்கள் ஊர்த் தேநீர் எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவர் கேட்டிருப்பார்.