தளர்வுகளுடன் கூடிய வேட்டி

கேள்வி: கொரோனா காலத்தில் அரசு ஒரு தளர்வு அறிவித்தால் போதும், மறுநாளே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு டீக்கடையில் கூடினோம். நம் ஜனங்களுக்குச் சுயமாகப் பொறுப்பு வராது, லத்திதான் சரி என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: மகன் இருக்கட்டும், அவரிடம் அப்புறம் வருகிறேன். போகிறபோக்கில் 'தளர்வு' என்று ஒரு சொல்லை வீசிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கிழவர் தளர்ந்துவிட்டார் என்போம், குழந்தை தளர்நடை போடுகிறது என்போம், கட்டு தளர்ந்துவிட்டது என்போம். இப்படித் தன்பாட்டுக்குக் கிடந்த சொல் 2020-இல் திடீரென்று கோட்டையில் உட்கார்ந்து வினியோகம் செய்கிற சரக்காகிவிட்டது. ரேஷனில் துவரம்பருப்பு போடுகிற மாதிரி டீக்கடைக்கு ஒரு தளர்வு, சலூனுக்கு ஒரு தளர்வு, எலெக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் சேர்த்து ஒரு தளர்வு. மாதக் கடைசியானால் இந்தத் தடவை யாருக்கு என்ன கிடைக்கும் என்று டிவி முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்போம். 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' நீட்டிக்கப்படும், மறுபடி நீட்டிக்கப்படும். அதற்கு அடுத்த வருஷம் மே 24-ஆம் தேதி 'தளர்வுகளற்ற முழு ஊரடங்கு' வந்தபோது, எங்கள் ஆபீஸில் மெய்ப்புப் பார்க்கும் நண்பர் சிவப்புப் பேனாவோடு வந்துவிட்டார். முழு என்றாலே தளர்வு கிடையாது என்றுதானே பொருள், ஒரே கதவுக்கு எதற்கு இரண்டு பூட்டு என்றார். அரசாணைக்கெல்லாம் பிழை திருத்துகிற வேலை நமக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "தளர்வுகளுடன் கூடிய வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏற முடியுமா சார்?" என்றார். பஸ்ஸில் பாதி ஸீட் காலியாக இருந்தால் ஏறலாம் என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஊரடங்கு என்ற சொல்லும் இப்படித்தான். என் பாட்டி ஊர் அடங்கின நேரம் என்று சொன்னால் அது ராத்திரி ஒன்பதரை. கடைசி பஸ் போய், டீக்கடை பாய்லர் அணைந்து, நாய்கள் மட்டும் விவகாரம் பேசிக்கொண்டிருக்கிற நேரம். அப்புறம் அது கலவரத்துக்கான சொல்லானது. நோய்க்கும் அதே சொல்லை எடுத்து மாட்டியபோதே, இது யாருக்கு எதிரான ஏற்பாடு என்று போலீஸ்காரருக்குப் புரிந்துவிட்டது, நமக்கும் புரிந்துவிட்டது. வைரஸுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை.

இன்னொன்று 'சமூக விலகல்'. இந்த இதழிலேயே ஒருமுறை அப்படி அச்சடித்துவிட்டோம். ஒரு வாசகர் அஞ்சலட்டையில் எழுதினார்: "ஊரும் சேரியுமாக விலகித்தானே இருக்கிறோம், இனிமேலும் எங்கே விலகச் சொல்கிறீர்கள்?" பதில் சொல்ல முடியாமல் அந்த அட்டையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் உடல் இடைவெளி என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நாம் மட்டும் விலகிக்கொண்டே இருந்தோம். கொரோனா என்றே எழுதக் கூடாது, தீநுண்மி என்றுதான் எழுத வேண்டும் என்று மாதம் ஒரு கடிதம் போடுகிற புலவருக்கு இந்தச் சொல் மட்டும் கண்ணில் படவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அவர் இந்தப் பக்கத்தைக் கட்டாயம் படிப்பார்.

சரி, ரேஷன் கடை வட்டங்கள் ஞாபகம் இருக்கிறதா? சுண்ணாம்பில் மூன்றடிக்கு ஒன்றாகப் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் அந்த வட்டங்களில் ஒரு ஆள்கூட நிற்கவில்லை. ஒன்றில் செருப்பு, ஒன்றில் மஞ்சப்பை, ஒன்றில் செங்கல், ஒன்றில் மூடியில்லாத மண்ணெண்ணெய் கேன். செருப்புகள் ஒழுங்காக இடைவெளி விட்டு வெயிலில் நின்றன. செருப்புக்குச் சொந்தக்காரர்கள் பத்தடி தள்ளி வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு செருப்புகளைக் காவல் காத்தார்கள். யாரும் விதியை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். வட்டத்தில் வரிசை இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களிடம் சொல்லப்பட்டது, வரிசை இருந்தது. எதற்காக வட்டம் என்று யாராவது வந்து இரண்டு நிமிஷம் சொன்னார்களா என்றால், மைக்கில் ஒரு குரல் "மீறினால் நடவடிக்கை" என்றது. அவ்வளவுதான்.

டீக்கடை கதை இதைவிட ருசி. 2020 மே மாதம் டீக்கடைகளைத் திறக்க விட்டார்கள், ஆனால் பார்சல் மட்டும். நின்று குடிக்கக் கூடாது. உடனே எங்கள் தெரு மாஸ்டர் பாலிதீன் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆக ஒரு அரசாணைக்குக் கீழ்ப்படிந்து இன்னொரு அரசாணையை மீறித்தான் ஒரு மனுஷன் டீ குடித்தாக வேண்டும். நான் கௌரவமாக வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துப்போனேன், மாஸ்டர் அதைத் தொட மாட்டேன் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்று ஊற்றினார், பாதி டீ என் கால் விரலுக்குப் போனது. மற்றவர்கள் பார்சல் வாங்கி, பக்கத்துக் கடையின் மூடிய ஷட்டர் முன்னால் பத்துப் பேர் கூடி நின்று குடித்தார்கள். கடையில் நின்று குடிக்கவில்லையே! பார்சல்தானே! பாலிதீன் பை டீயைப் பற்றி நான் பத்து வருஷமாக இந்தப் பக்கத்தில் புலம்புகிறேன், இனியும் புலம்புவேன். அந்தப் பையில் வந்தது டீயே கிடையாது.

சிரிப்பு போதும். நம் ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார் மகன். 2020 மார்ச் கடைசியில் எத்தனை கிராமங்கள் தாமாகவே ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு, வாசலுக்கு வாசல் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்துத் தெளித்துக்கொண்டன என்று அவருக்குத் தெரியாதா? யார் லத்தி எடுத்தார்கள் அவர்களிடம்? மஞ்சள் தண்ணீருக்கு வைரஸ் பயப்படுமா என்பது வேறு கேள்வி. அரசாங்கத்தின் மருந்து மட்டும் என்னவாம்? அடுத்து வந்த ஏப்ரலில் திருப்பூர் உழவர் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், உள்ளே நடந்தால் தலை முதல் கால்வரை மருந்து தெளிக்கும். நாடே கைதட்டியது, ஊர் ஊராக வைத்தார்கள். மனுஷன் மேல் இப்படித் தெளிப்பதால் பயனில்லை, கெடுதல்தான் என்று சுகாதாரத் துறையே சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. மஞ்சளாவது கண்ணை எரிக்காது.

அடுத்தது காற்று. 2020 மார்ச் 28-இல் உலக சுகாதார நிறுவனம், இது காற்றில் பரவுகிற நோய் இல்லை என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. காற்றில் மிதக்கிற நுண்துளிகள் வழியாகவும் பரவும் என்று தன் இணையப் பக்கத்தில் அதுவே தெளிவாக எழுத 2021 ஏப்ரல் கடைசி ஆனது. அந்த ஒரு வருஷமும் நாம் தயிர்ப் பாக்கெட்டுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம், பேப்பரை வெயிலில் காயவைத்துப் படித்தோம். நம் ஊரில் நடந்ததையும் பாருங்கள்: கதவும் ஜன்னலும் அடைத்து ஏ.சி. ஓடுகிற சினிமா தியேட்டரை 2020 நவம்பர் 10-ஆம் தேதியே பாதி ஸீட்டோடு திறந்துவிட்டார்கள். கடற்காற்று மூஞ்சியில் அறைகிற மெரினா டிசம்பர் 14 வரை பூட்டிக் கிடந்தது. மணலுக்குப் பூட்டு! பொங்கலுக்கு தியேட்டரில் முழு ஸீட்டும் நிரப்பலாம் என்று ஜனவரியில் ஒரு ஆணை வேறு வந்து, மத்திய அரசு முறைத்ததும் சில நாளில் வாபஸ் ஆனது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள், மாஸ்க் நோய்க்காக என்று நம்புவானா, 200 ரூபாய்க்காக என்று நம்புவானா? பொது இடத்தில் மாஸ்க் இல்லாவிட்டால் 200, துப்பினால் 500 என்று 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2020 செப்டம்பரில் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து மாஸ்க் ஒரு ரசீது. செக்போஸ்ட் தெரிந்தால் மேலே ஏறும், தாண்டினால் இறங்கும். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வருகிற ஊரில் இது புதிதா என்ன.

கூட்டம் கூட்டினது யார் என்றும் கேட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரல் 24-இல் சென்னை, மதுரை, கோவை உட்பட ஐந்து மாநகரங்களுக்கு 26-ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு என்றார்கள். நடுவில் ஒரே ஒரு நாள். நாலு நாளுக்கான காய்கறியை ஒரு காலைப் பொழுதில் வாங்க ஊரே தெருவுக்கு வந்தது. கோயம்பேடு மே 5-இல் மூடப்படுவதற்குள் அங்கிருந்து அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று தொற்று லாரி ஏறிப் போயிருந்தது.

என் சொந்தக் கதை ஒன்று. அந்த ஜூனில் திண்டிவனம் பக்கத்தில் என் அத்தை இறந்துபோனார். சென்னையிலிருந்து போக இ-பாஸ் வேண்டும். விண்ணப்பித்தேன், இறப்புச் சான்றிதழை இணைக்கவும் என்றது. அத்தை இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பாடையில் வைத்த படத்தை இணைக்கட்டுமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு, மறுபடி மறுபடி போட்டேன். பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் செல்போன் சிணுங்கியது: தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எந்த அலுவலகம், யார் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அத்தை உயிரோடு இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இப்போது மகனுக்கு. தம்பி, லத்தி இல்லாமலா இருந்தது? 2020-இல் மாநிலங்கள் கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டம் 1897-இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்டது, மொத்தமே நாலு பிரிவு, அதில் நோயாளிக்கு உரிமை என்று ஒரு வரி கிடையாது. அந்த வருஷமே புனேயில் சோல்ஜர்கள் வீடு புகுந்து சோதனை போட்டதில் கொதித்துப்போய், ஜூன் 22-இல் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். நம் பக்கத்தில் 2020 ஜூன் 19-இல் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையையும் மகனையும், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று போலீஸ் கூட்டிப்போனது. சில நாளில் இருவருமே உயிரோடு இல்லை. காவல் நிலையத்தில் அடித்த அடி என்று சிபிஐ குற்றப்பத்திரிகை சொன்னது. லத்தி சரி என்று சொல்லுமுன் அந்தக் கடை ஷட்டரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மணப்பாறைக்காரரே, உங்கள் கேள்வியில் நீங்கள் 'கொரானா' என்றுதான் எழுதியிருந்தீர்கள். மெய்ப்பு நண்பர் ஓகாரத்தைப் போட்டுத் திருத்திவிட்டார். இதற்கும் 200 ரூபாய் வசூலிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். ரசீதுப் புத்தகம் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.