அரும்பா, மொட்டா, மலரா?

கேள்வி: அக்கா, நான் பாம்பன் பக்கம், கடல்ல பாசி எடுக்கப் போறேன், வீட்டுக்காரர் போட்டுக்குப் போறார். மக ஊர் பள்ளிக்கூடத்துல மூணாவது. "சின்ன கிளாஸ் எங்க படிச்சா என்ன, ஆறாவதுக்கு ராம்நாட்ல நல்ல ஸ்கூல்ல போடுவோம், அதுவரைக்கும் காசு சேப்போம்"ங்கிறார். சரியா?

பதில்: காசு சேக்குறது சரி தங்கச்சி, மத்தது சரியில்ல. அமெரிக்காவுல டென்னசியில 1985-ல ஆரம்பிச்சு 79 பள்ளிக்கூடத்துல சின்ன கிளாஸ் படிக்கிற 11,500 புள்ளைங்களுக்கு மேல குலுக்கல் மாதிரி கிளாஸ் பிரிச்சுவிட்டாங்க, சில கிளாஸ்ல 13-17 பேர், மத்ததுல 22-25. ராஜ் செட்டிங்கிற பொருளாதார ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் அந்தப் புள்ளைங்க வளந்தப்புறம் வரிக் கணக்கோட சேத்துப் பாத்து 2011-ல எழுதுனாங்க. எட்டாவது வரும்போது மார்க் வித்தியாசம் பெரும்பாலும் கரைஞ்சு போச்சு, ஆனா 27 வயசுல நல்ல கிளாஸ்ல ஆரம்பிச்சவங்க சம்பளம் கூட இருந்துச்சு! ஆள் கம்மியான கிளாஸ்ல இருந்தவங்க காலேஜுக்கு அதிகம் போனாங்க, ஆனா ஆள் கம்மியா இருந்ததால மட்டும் சம்பளம் ஏறுச்சுன்னு உறுதியா சொல்ல முடியல. முதல் வருஷத்துல 10 வருஷத்துக்கு மேல அனுபவம் உள்ள டீச்சர் கிடைச்சவங்களுக்கும் பின்னாடி வருமானம் கூட. ஒழுங்கா உக்காந்து முயற்சி பண்ற பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னு அவங்க கணிப்பு.

நான் தேவிபட்டினத்துல ரெண்டாவது படிக்கிறப்ப மூணு கிளாஸ் ஒரே ரூம், ஒரே டீச்சர், நாங்க ஜன்னல் வழியா வத்தைப் படகை எண்ணிக்கிட்டு இருப்போம். கடன் வாங்கிக் கழிக்கிறது எனக்குப் பிடிபட்டதே ஏழாவதுல (ஊரே வட்டிக்கு வாங்குது, எனக்கு நோட்டுல வாங்கத் தெரியல).

அதுக்காக உடனே வேன் வர்ற இங்கிலீஷ் மீடியத்துக்கு ஓட வேணாம். சட்டப்படியே 60 புள்ள வரைக்கும் 2 டீச்சர்தான், அஞ்சு கிளாஸுக்கும் சேத்து, அதுலயும் நல்லா நடத்துறவங்க இருக்காங்க. பாசிக்குப் போகாத ஒரு நாள் பள்ளிக்கூடத் திண்ணையில அரை மணி நேரம் உக்காருங்க, பாடம் நடக்குதா இல்ல வெறும் சத்தமான்னு காதுக்கே தெரியும். சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு வாசிக்க, கணக்குப் போட சொல்லிக்கொடுக்குற அரசுத் திட்டம் எண்ணும் எழுத்தும் 2022-லேர்ந்து நடக்குதுல்ல, அதுல ஒண்ணாவது அளவுக்குத் தெரிஞ்சா அரும்பு, ரெண்டாவது அளவுக்கு மொட்டு, மூணாவது அளவுக்கு மலர். மக அரும்பா மொட்டா மலரான்னு டீச்சர்ட்ட கேளுங்க. மூணாவதுல இன்னும் அரும்புன்னா அது ஒண்ணாவது பாடம், இப்பவே பிடிங்க, ஆறாவது வரைக்கும் காத்திருக்காதீங்க.

கேள்வி: மண்டபத்துலேர்ந்து எழுதுறேன். பையன் எட்டாவது, தமிழே தடுமாறி வாசிக்கிறான். இனி தேறமாட்டானா?

பதில்: யார் சொன்னா? மூணாவது புக்கை எடுத்து தினம் கால் மணி நேரம் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்னு பேரு, அவனுக்கும் வெக்கம் இருக்காது.