ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘ஸ்லாப் ஷாட்’ திரைப்படத்தை அண்மையில் பார்த்தேன். அதில் வரும் ஐஸ் ஹாக்கி அணி உண்மையில் இருந்ததா? அடிதடியை மட்டுமே நம்பிய மூன்றாந்தர அணி என்பதால்தான் அது அழிந்ததா? இந்த ஆட்டத்தின் விதிகளைக் கற்க எளிய வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான்கு ஆட்டங்கள் பார்த்தால் விதிகள் தாமே பிடிபட்டுவிடும். ஒரு நல்ல படம் தனக்கு உயிர் கொடுத்த மனிதர்களையே மறைத்துவிடுவதைப் பற்றிச் சில காலமாக எண்ணிக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

அந்த அணி இருந்தது. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் இரும்பாலை நகரமான ஜான்ஸ்டவுனில் 1950 முதல் 1977 வரை ஆடிய ஜான்ஸ்டவுன் ஜெட்ஸ்தான் அது. திரைக்கதையை எழுதிய நான்சி டவுடின் சகோதரர் நெட் அந்த அணியில் ஆடியவர். படத்தின் ஹான்சன் சகோதரர்களுக்கு ஜெட்ஸின் கார்ல்சன் சகோதரர்கள் மூவரே மாதிரி. அவர்களில் ஜாக் மேல்நிலை லீக்குக்கு அழைக்கப்பட்டுச் சென்றுவிட்டதால், அவருடைய இடத்தில் அதே அணியின் டேவ் ஹான்சன் நடித்தார்.

மூன்றாந்தர அணி என்று எந்தத் துணிவில் எழுதினீர்கள்? 1952, 1953, பிறகு 1960 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், கடைசியாக 1975 என்று ஆறு முறை தன் லீக்கின் பட்டத்தை வென்ற அணி அது. சிறிய லீக் என்பது உண்மை. அதற்காக அதில் வியர்வை சிந்தியவர்களை இரண்டு மணி நேரப் படத்தை வைத்து எடைபோடலாமா? உங்கள் வயதில் எவருக்கும் வரும் அவசரம்தான், ஆனால் வரலாற்றைக் கேட்பவர் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது.

அணி அழிந்ததற்கு அடிதடி காரணமல்ல. 1889-இல் 2,209 பேரைப் பலிகொண்ட வெள்ளத்தைக் கண்ட அந்த ஊரில், படம் வெளிவந்து ஐந்தே மாதங்களில், 1977 ஜூலையில் மீண்டும் பெருவெள்ளம் புகுந்தது. ஹாக்கி அரங்கின் தளம் தானாக உறைவதில்லை: தளத்துக்கு அடியில் பதித்த குழாய்களில் குளிரூட்டப்பட்ட திரவம் இடைவிடாமல் சுற்றிவர வேண்டும், அப்போதுதான் மேலே தெளிக்கும் நீர் படலம் படலமாக இறுகும். அந்த இயந்திரங்களை வெள்ளம் கெடுத்தது. பணமிருந்தால் இயந்திரத்தைச் சீர்செய்துவிடலாம். ஆனால் அதே வெள்ளத்துக்குப் பிறகு அவ்வூரில் இரும்பாலை நடத்திய பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியது. சுமார் 4,000 பேர் அமரும் அந்த அரங்கை நிரப்பியது ஆலைக் கூலி. கூலி நின்ற வீட்டில் முதலில் நிற்பது ஆட்டத்துக்கான டிக்கெட்தானே? படத்தின் அணி ஊரின் ஆலை மூடப்படும் நிழலில் ஆடுகிறது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படியிருந்தும் சண்டைக் காட்சிகள் மட்டுமே உங்கள் நினைவில் நின்றது எனக்கு வருத்தமளிக்கிறது.

இடையில் வேறு பெயர்களில் சில முயற்சிகள் நடந்தன. 1988-இல் தொடங்கிய அணிக்கோ, படத்தின் கற்பனை அணியான சார்ல்ஸ்டவுன் சீஃப்ஸை நினைத்து, ஜான்ஸ்டவுன் சீஃப்ஸ் என்று பெயரிட்டார்கள். அந்த மூன்று சகோதரர்களில் ஒருவரான ஸ்டீவ் கார்ல்சனே அதற்குப் பயிற்சியாளராக வந்தார். அந்த அணியும் 2010-இல் தென் கரோலினாவின் கிரீன்வில்லுக்குப் பெயர்ந்துவிட்டது. பட்டங்கள் வென்ற சொந்தப் பெயரை விட்டுவிட்டுத் திரையின் பெயரை அந்த ஊர் ஏன் சூட்டிக்கொண்டது என்று எனக்குப் புரியாமலில்லை; கூட்டத்தை அழைத்துவர அந்தப் பெயரால்தான் முடியும் என்று நம்பியிருப்பார்கள். ஆனாலும் என் மனம் அதை ஏற்கவில்லை.