டென்னிஸுக்கு டோக்கன், நீச்சலுக்குக் கடிகாரம்

கேள்வி: டென்னிஸும் நீச்சலும் எனக்குப் பிடிக்கும். ஒன்பது மணிக்கு ஆட்டம் என்று நம்பி டிவி முன் உட்கார்ந்தால், பதினொன்று வரை வேறு யாரோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நீச்சலிலோ தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இறுதிப்போட்டியே முடிந்துவிடுகிறது. காலையில் வேலைக்குப் போகிறவன் எப்படித்தான் பார்ப்பது?

பதில்: டென்னிஸ் அட்டவணையை டாக்டர் கிளினிக் டோக்கன் மாதிரி படியுங்கள். ஒவ்வொரு கோர்ட்டிலும் முதல் ஆட்டத்துக்குத்தான் மணி உண்டு. மற்றவர்கள் எல்லாம் வரிசையில் காத்திருப்பவர்கள்.

விம்பிள்டனை எடுத்துக்கொள்வோம். சென்டர் கோர்ட்டில் ஆட்டம் தொடங்குவது அங்கே பகல் 1.30, நமக்கு மாலை 6 மணி. உங்களுக்குப் பிடித்தவர் இரண்டாவது ஆட்டம், அதற்கு முன்னால் ஆண்கள் ஆட்டம் என்றால், இரவு 8 மணிக்கும் வரலாம், 10.30-க்கும் வரலாம். ஐந்து செட்டில் மூன்றை வெல்ல வேண்டிய ஆட்டம் அப்படித்தான் இழுக்கும். முன்னால் பெண்கள் ஆட்டம் என்றால் கணக்கு கொஞ்சம் எளிது, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘நாட் பிஃபோர்’ என்று போட்டு ஒரு மணி கொடுத்திருந்தால், அதற்கு முன் தொடங்காது என்று மட்டும்தான் பொருள். அதனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முந்தைய ஆட்டத்தின் ஸ்கோரை போனில் பாருங்கள். யாராவது இரண்டு செட் ஜெயித்து மூன்றாவதிலும் முன்னிலையில் இருந்தால் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள்.

2010-இல் அதே விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் 11 மணி 5 நிமிடம், மூன்று நாளாக ஆடினார்கள். கடைசி செட் 70-68! இனி அந்த பயம் வேண்டாம். 2022 முதல் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக்தான், அதாவது இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்தை எட்டுபவருக்கே வெற்றி.

ஊர் நேரமும் முக்கியம். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் மெல்போர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே இரவு 7 மணி ஆட்டம் நமக்குப் பகல் 1.30. அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தொல்லைதான். நியூயார்க்கின் இரவு 7 மணி நமக்கு மறுநாள் விடிகாலை 4.30. சீக்கிரம் எழுகிறவருக்கு யு.எஸ். ஓப்பன் கொடுத்துவைத்த போட்டி.

நீச்சல் நிமிடக் கணக்கில் ஓடும். பெரிய போட்டிகளில் பொதுவாகக் காலையில் தகுதிச் சுற்று, மாலையில் அரையிறுதியும் இறுதியும். 200 மீட்டர் வரை அரையிறுதி உண்டு, 16 பேர் நீந்துவார்கள். 400 மீட்டரும் அதற்கு மேலும் தகுதிச் சுற்றிலிருந்து நேரே இறுதிக்குப் போய்விடும். எனவே காலைச் சுற்றைத் தள்ளிவிட வேண்டாம். அரையிறுதியையும்தான்: 2025-இல் சிங்கப்பூர் உலகப் போட்டியில் பிரான்ஸின் லியோன் மர்ஷான் 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் (நான்கு வகை நீச்சலும் சேர்ந்த பந்தயம்) 1:52.69 என்று உலக சாதனை படைத்தது அரையிறுதியில். பதினான்கு ஆண்டுகள் நின்ற அமெரிக்க வீரர் லோக்டியின் 1:54.00 அங்கே உடைந்தது. இறுதிக்கு மட்டும் அலாரம் வைத்தவர்கள் கோட்டைவிட்டார்கள்.

பந்தயம் தொடங்கியதும் நடு லேன்களைப் பாருங்கள். முந்தைய சுற்றில் வேகமாக வந்தவருக்கு 4-வது லேன், அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6 என்று விரியும். திரையில் கூடவே நகரும் கோடு உலக சாதனை வேகம். ஆனால் 1, 8 லேன்களையும் ஒரு கண் வையுங்கள், அதிர்ச்சி வந்தால் அங்கிருந்துதான் வரும். கடைசித் தொடுகையைக் கண்ணால் தீர்ப்பு சொல்ல முயலாதீர்கள். 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஃபெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59. பார்த்துக்கொண்டிருந்த பாதிப் பேர் சாவிச்தான் ஜெயித்தார் என்று நினைத்தார்கள்.

அப்புறம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு இப்போதே ஒரு கணக்கு: நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 6 என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. காபியோடு பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம்.