குசினிக்குப் பின்னால் ஒரு சவுக்கு

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பழைய லயத்துக்குப் பக்கத்தில், ஏழு பேர்ச் காணியில் கட்டியது. வீட்டுக்குப் பின்னால் திட்டுக்கு மேலே பெரிய சவுக்கு மரம் ஒன்று நிற்கிறது. பாட்டி கொழுந்து எடுத்த காலத்திலேயே அது பெரிய மரமாம். அடிமரச் சுற்றளவு ஏழரை அடி. இலையெல்லாம் செழிப்பாக இருக்கிறது, நோய் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆடிக் காற்றில் அது ஆடுவதைப் பார்த்து அம்மா இரவில் தூங்குவதே இல்லை. மரத்தைப் பாதியோடு தறித்துவிட்டால் பயமில்லை, ஆள் கூட்டி வருகிறேன் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். போன வருடம் குசினி கட்டுவதற்காகத் திட்டை நாலடி வெட்டினோம். வெட்டிய இடத்திலிருந்து மரம் ஒன்பது அடி தள்ளித்தான் நிற்கிறது. வெட்டுவதா, விடுவதா?
– ஆசிரியை ஒருவர், நோர்வூட்

பதில்: டீச்சர், முதலில் அந்த அண்ணனிடம் வாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பாதியோடு தறிப்பது மட்டும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் சவுக்கு என்பது கடற்கரை மரம். எங்கள் மலையில் சவுக்கு என்றால், தேயிலைக்கு நிழலுக்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். நேராக வளரும், நூறு அடியும் போகும். கிளை மட்டும் சற்று முறிசல்.

நான் தோட்டத்தில் கள உத்தியோகத்தராக இருந்தபோது, என் குவாட்டர்ஸுக்குப் பின்னால் இப்படி ஒரு மரம் நின்றது. மனைவி பயப்பட்டாள். நானே ஆள் விட்டு இருபது அடியில் தறித்தேன். மொட்டை மரத்தில் ஒரு வருடத்துக்குள் துடைப்பம் போலத் துளிர் வெடித்தது. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தத் துளிர்கள் பழைய கிளையைப் போல மரத்தின் உள்ளிருந்து பிறந்தவை அல்ல, வெளிப்பட்டையை ஒட்டி முளைத்தவை. வெட்டுவாயில் மழை இறங்கி உள்ளே உளுத்தது, துளிர்களோ தொடைத் தடிப்பில் பாரம் கூடின. ஏழாவது வருடம் ஒரு ஜூன் மாத இரவில் அதில் ஒன்று பட்டையோடு கழன்று இஸ்தோப்புத் தகரத்தில் விழுந்தது. நல்லகாலம், யாரும் அங்கே படுத்திருக்கவில்லை. நல்ல மரத்தை ஆபத்தான மரமாக ஆக்கியவன் நான்தான். தேயிலை மலையில் நிழல் மரத்தை வெட்டுகிறார்களே என்பீர்கள். அது வேறு கதை. அங்கே விடாமல் வெட்டிக்கொண்டே இருப்பார்கள், கிளை விழுந்தாலும் தேயிலைச் செடி மேல்தான் விழும்.

மரம் ஆடுவதும் குற்றமில்லை. ஆடித்தான் அது காற்றின் வேகத்தை உடைக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நாலடி வெட்டு.

கணக்கைப் பாருங்கள். சுற்றளவு ஏழரை அடி என்றால் விட்டம் கிட்டத்தட்ட 2.4 அடி. விட்டத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்கு, அதாவது சுற்றிலும் 29 அடிக்கு, மண்ணைத் தொடாமல் விடுவது நல்லது. மூன்று மடங்குக்குள், அதாவது ஏழு அடிக்குள் வெட்டினால் மரத்தைத் தாங்கும் வேரே போய்விடும். நீங்கள் ஒன்பது அடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். தப்பியிருக்கிறீர்கள், ஆனால் மயிரிழையில். வேர் ஆழமாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேர் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான் பக்கவாட்டில் ஓடுகிறது. நாலடி வெட்டு அந்தப் பக்கத்து வேரையெல்லாம் அறுத்திருக்கும்.

அதனால் அண்ணாந்து பார்த்தது போதும், இனி குனிந்து பாருங்கள். திட்டு வெட்டிய முகத்தில் அறுந்த வேர் நுனிகள் தெரியும். விரல் தடிப்பில் இருந்தால் கவலையில்லை, கைத் தடிப்பில் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் மரம் சமாளித்துக்கொள்ளும். நாலைந்து என்றால் எனக்கே பயம். அப்புறம் அடிமரத்தைச் சுற்றி மேட்டுப் பக்கத்து மண்ணில் புதுவெடிப்பு இருக்கிறதா, அடியில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கோடாரியின் பின்பக்கத்தால் சுற்றிலும் தட்டுங்கள். ஓர் இடத்தில் மட்டும் மேளம் போலச் சத்தம் வந்தால் உள்ளே பொந்து. பிறவியிலேயே சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்த மரம் நம்பத் தகுந்தது. நேராக நின்றது இந்த வருடம் சாய்ந்தால்தான் ஓட வேண்டும். இதைக் கண்மட்டத்தில் விடாதீர்கள். ஆளுயரத்தில் ஓர் ஆணியடித்து, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, கல் நிற்கும் இடத்துக்கு நேரே கீழே ஒரு முளை அடித்து வையுங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும், காற்றில்லாத நேரத்தில் பாருங்கள்.

மரம் விழுந்தால் வீடு வரை எட்டுமா? உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கையின் பொத்திய விரல்கள் வரை உள்ள நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டி, அதன் அடியைப் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு பின்னால் நடங்கள். குச்சியும் மரமும் ஒரே உயரமாகத் தெரியும் இடத்தில் நின்றால், உங்களுக்கும் மரத்துக்கும் உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். சரிவில் இறங்கி அளக்காதீர்கள். மரத்தின் மட்டத்திலேயே பக்கவாட்டில் போங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். எட்டும் என்றால், காற்றுக் காலத்தில் அம்மாவின் கட்டிலை முன்பக்கக் காம்பராவுக்கு மாற்றுங்கள். செலவில்லாத வேலை.

வேரும் மண்ணும் சரியென்றால் என் முடிவு: மரம் நிற்கட்டும். அடுத்த மழைக்கு முன் திட்டுக்குக் கருங்கல் சுவர் கட்டுங்கள், தண்ணீர் வெளியேறத் துளை விட்டு. அத்திவாரம் வீட்டுப் பக்கமே இருக்கட்டும், திட்டை இன்னும் குடையாதீர்கள். மேலே உள்ள கானைத் துப்புரவாக்குங்கள், தண்ணீர் மரத்தடியில் தேங்கக் கூடாது. கூரைக்கு மேல் நீண்ட கிளையையும் பட்ட கிளையையும் மட்டும், கிளை பிறக்கும் இடத்தில் கழுத்து போலத் தடித்திருக்குமே, அதைச் சேதப்படுத்தாமல் வெட்ட வேண்டும். மொத்தப் பச்சையில் கால்வாசியைத் தாண்டக் கூடாது. கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சாரக் கந்தோருக்கு அறிவிக்காமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

வேர் போய்விட்டது, மண் வெடித்திருக்கிறது என்றால் முழுதாக இறக்கத்தான் வேண்டும். மரம் தோட்டக் காணியில் நின்றால் அது உங்கள் மரமல்ல. முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கும். வெட்டினாலும் அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள். செத்த வேரும் இரண்டு மூன்று வருடம் மண்ணைப் பிடித்திருக்கும், பிறகு உக்கிவிடும். அதற்குள் திட்டில் வேறு செடி வேர் பிடித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், 150 தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. வெட்டிய திட்டுக்குக் கீழே இருப்பவர்கள் மரத்தைவிட மண்சரிவுக்குத்தான் பயப்பட வேண்டும்.

கேள்வி: வீட்டோரம் நிற்கும் பலாவை அடியோடு வெட்ட அனுமதி வேண்டுமா? பழம் அயல்வீட்டுக் கூரையில் விழுகிறது என்று சண்டை.
– வாசகர், கம்பளை

பதில்: வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் அனுமதி எடுக்க வேண்டும், சொந்தக் காணியில் நின்றாலும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஆனால் சண்டை பழத்துக்குத்தான் என்றால் மரத்தை ஏன் வெட்டுகிறீர்கள்? கூரைப் பக்கத்துக் காயைப் பிஞ்சிலேயே பறித்து, பொலஸ் கறிக்கென்று அந்த வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள்.